"நீங்களே முடிவு பண்ணுங்க டாக்டர்": இது சம்மதமா, தட்டிக்கழிப்பா?

4 பிப்ரவரி, காலை. ஒரு வாசகரின் கேள்வி

இரண்டு சிகிச்சை இருக்கிறது, இதில் இத்தனை சதவீதம், அதில் இத்தனை சதவீதம், யோசித்துச் சொல்லுங்கள் என்று தாளை நீட்டுகிறார் மருத்துவர். படித்தவர் அவர். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர் நோயாளி. முடிவை நோயாளி தலையில் கட்டுவதற்குப் பெயர் உரிமையா? "நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதீங்க" என்ற பழைய மருத்துவரே நேர்மையானவர் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கொள்கை பேசாமல் நடைமுறையோடு மறுக்கவும்.

4 பிப்ரவரி, இரவு

பாதி ஒப்புக்கொள்கிறேன். தாளை நீட்டிவிட்டு ஒதுங்குவது தட்டிக்கழிப்புதான். ஆனால் "நான் பார்த்துக்கறேன்" என்பவரும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார். உங்களுக்கு எது முக்கியம் என்று இருவருமே கேட்பதில்லை.

எந்தச் சிகிச்சை முடிவிலும் இரண்டு வேலை உண்டு. எந்த வழியில் போனால் என்ன நடக்கும், எவ்வளவு வாய்ப்பு என்பது ஒன்று. அது மருத்துவர் வேலை, நோயாளி தலையில் கட்டக்கூடாது. எந்த இழப்பை என்னால் தாங்க முடியும், எதை முடியாது என்பது இன்னொன்று. அது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப நிலைக் கட்டிக்கு முழு மார்பகத்தையும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்று அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய சோதனையில் 1,851 பெண்களின் தரவு அலசப்பட்டது. 20 ஆண்டு முடிவு 2002-ல் வந்தது: உயிரோடிருக்கும் வாய்ப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர்வீச்சு சேர்ந்தால் 14.3 சதவீதம், சேராவிட்டால் 39.2. இதுவரை மருத்துவர் பேச்சு. இதற்கு மேல், வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்கு அலைவது ஒருவருக்குப் பெரிய பாரம், இன்னொருவருக்கு மார்பகத்தை இழப்பது பெரிய பாரம், மூன்றாமவருக்கு "திரும்ப வருமோ" என்ற பயத்தோடு வாழ்வதுதான் தாங்காது. மூவருக்கும் ஒரே பரிந்துரையைச் சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் ஊகம்தான் செய்கிறார்.

கேட்ட பிறகு பரிந்துரை சொல்லியே ஆக வேண்டும். "நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா உங்களுக்கு இது பொருந்தும்னு நினைக்கறேன், காரணம் இது." பரிந்துரையை விழுங்குவது நடுநிலை ஆகாது.

குடல் ஓட்டையாகி வயிறெல்லாம் சீழ் என்று வந்தவரிடம் "உங்கள் விருப்பம் என்ன" என்று பட்டியல் விரிப்பது அபத்தம். ஒரே ஒரு நல்ல வழி இருக்கும் இடத்தில் தெளிவாக, அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அப்போதும் அவரிடமே இருக்கிறது, அது வேறு.

5 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்குச் சாதகமாக ஒரு தரவு, நானே தருகிறேன். கனடாவில் 1992-ல் வெளிவந்த ஆய்வு. புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர் மருத்துவரே முடிவெடுக்கட்டும் என்றார்கள். நோயில்லாத பொதுமக்களிடம் "உங்களுக்கு வந்தால்?" என்று கேட்டபோது 64 சதவீதம் பேர் நானே முடிவெடுப்பேன் என்றார்கள். நலமாக இருக்கும்போது வீரம் பேசுவது எளிது.

ஆனால் தகவல் வேண்டாம் என்பதும் முடிவு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. எல்லாம் தெரிய வேண்டும், முடிவை மட்டும் நீங்கள் எடுங்கள் என்பவர் ஏராளம். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்பதை நான் முடிவாகவே எண்ணுகிறேன், சில விஷயங்கள் இருந்தால். ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் திரும்பப் பெற முடியாதது எது என்று தெரிந்திருக்க வேண்டும். கொடுத்த பொறுப்பை நாளை திரும்ப வாங்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய ஆபரேஷனுக்குத் தந்த பொறுப்பு அடுத்த மாதக் கீமோவுக்குச் செல்லாது, அப்போது மறுபடி கேட்க வேண்டும்.

கேட்பது இப்படி இருக்கலாம்: "சரி, நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்த நோயில உங்களை ரொம்பப் பயமுறுத்தறது எது? எது முடியாம போனா வாழ்க்கையே போச்சுன்னு நினைப்பீங்க? குணமாகற வாய்ப்பு கூடும்னா எவ்வளவு கஷ்டத்தைத் தாங்கத் தயார்?" நான்கு நிமிடம் ஆகும்.

5 பிப்ரவரி, பின்னிரவு

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். 2011-ல் அமெரிக்க மருத்துவர்களிடம் ஒரு கற்பனைச் சூழல் தரப்பட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கு இரண்டு அறுவை. ஒன்றில் சாவு கொஞ்சம் அதிகம், ஆனால் நீடித்த தொல்லைகள் இல்லை. மற்றதில் சாவு குறைவு, ஆனால் சிலருக்கு வயிற்றில் மலப்பை, ஓயாத வயிற்றுப்போக்கு என்று நிற்கும். சாவு அதிகமுள்ளதைத் தனக்கென்று தேர்ந்தவர்கள் 37.8 சதவீதம். நோயாளிக்கு என்றால் அதைப் பரிந்துரைத்தவர்கள் 24.5 சதவீதம் மட்டுமே.

ஆகவே அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இரண்டு துண்டாக வரும்: "நானா இருந்தா இது, ஏன்னா எனக்கு இன்னது முக்கியம். உங்களுக்கு அது முக்கியமான்னு தெரியாம இதை அப்படியே எடுத்துக்காதீங்க."

7 பிப்ரவரி. எண்களைச் சொல்லும் முறை

தாளில் சதவீதம் இருப்பதால் மட்டும் நோயாளிக்கு ஒன்றும் விளங்கிவிடாது. அதே எண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பதே முடிவைத் திருப்பும். 1982-ல் வெளிவந்த ஒரு சோதனையில் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா கதிர்வீச்சா என்று கேட்டார்கள். அறுவை செய்துகொள்ளும் 100 பேரில் 90 பேர் அதைத் தாண்டுவார்கள், ஓராண்டு முடிவில் 68 பேர், ஐந்தாண்டு முடிவில் 34 பேர் இருப்பார்கள். கதிர்வீச்சில் 100 பேரும் சிகிச்சையைத் தாண்டுவார்கள், ஓராண்டில் 77, ஐந்தாண்டில் 22. இப்படிச் சொன்னபோது கதிர்வீச்சைத் தேர்ந்தவர்கள் 18 சதவீதம். அதே கணக்கை "10 பேர் இறப்பார்கள்" என்ற பக்கத்திலிருந்து சொன்னபோது 44 சதவீதம். கேட்கப்பட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள், அவர்களும் தப்பவில்லை. எனவே இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: "100 பேருக்குச் செய்தா 90 பேர் தாண்டுவாங்க, 10 பேர் இறந்துபோவாங்க."

அடுத்தது "இரண்டு மடங்கு" என்ற சொல். 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தை இரண்டு மடங்காக்கும் என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பேரில் ஒருவர் என்றிருந்தது இருவர் ஆகும் என்பதே அதன் பொருள். பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். கர்ப்பத்தில் வரும் ரத்தக்கட்டு அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது கூடுதல் கொடுமை. மடங்கு சொல்லாதீர்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

எத்தனை பேரில் என்பதையும் மாற்றிக்கொண்டே இருக்கக்கூடாது. "இதில் 25-ல் ஒருவர், அதில் 200-ல் ஒருவர்" என்றால் 200 பெரிய எண் என்பதால் அதுவே பெரிய ஆபத்து என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "1,000 பேரில் 40, 1,000 பேரில் 5" என்றால் குழப்பம் இல்லை. காலமும் வேண்டும்: ஆபரேஷன் மேஜையிலா, 30 நாளிலா, 10 ஆண்டிலா?

"அரிது", "சகஜம்" போன்ற சொற்களைத் தனியே விடாதீர்கள். ஐரோப்பிய மருந்துக் குறிப்புகளில் "சகஜம்" என்ற வகைக்கு அளவு உண்டு: 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை. "அரிது" என்றால் 10,000 பேரில் 1 முதல் 10 வரை. படிக்கிறவர் மனதில் ஓடும் எண் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு பெரியது.

8 பிப்ரவரி

"லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும், பயப்படாதீங்க."
"அந்த ஒருத்தர் இன்னிக்கு ஓபி-க்கு வந்திருக்காரான்னு பார்த்துட்டீங்களா டாக்டர்?"

சிரித்தாயிற்று. ஆனால் இதில் சட்டமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு கண் ஏறக்குறையப் பார்வை இழந்த பெண்ணுக்கு அந்தக் கண்ணில் அறுவை செய்தார்கள். அதன் விளைவாக நல்ல கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு 14,000-ல் ஒன்று. அதைச் சொல்லவில்லை. அதுவே நடந்தது, பார்வை ஏறக்குறைய முற்றிலும் போயிற்று. 1992-ல் உயர் நீதிமன்றம் மருத்துவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இரண்டு கண்ணும் நன்றாக உள்ளவருக்கு 14,000-ல் ஒன்று காற்றோடு போகிற எண். ஒற்றைக் கண்ணை நம்பி வாழ்பவருக்கு, சிக்கல்கள் பற்றித் துருவித் துருவிக் கேட்டவருக்கு, அப்படியல்ல. எதைச் சொல்ல வேண்டும் என்பதை எண்ணின் அளவு மட்டும் தீர்மானிக்காது, எதிரே இருப்பவர் யார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

9 பிப்ரவரி

"அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லித் தொலைக்க வேண்டுமா?" என்று ஒருவர். வேண்டாம். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2015-ல் மான்ட்கோமரி வழக்கில் இதைத்தான் பிரித்துச் சொன்னது. சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த தாய். பிரசவத்தில் குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். மாட்டினாலும் பெருங்கேடு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதாலும், சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்பதாலும் மருத்துவர் சொல்லவில்லை. அந்த இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள்: சொன்னால் வேறு முடிவு எடுப்பார், ஆகவே சொல்லவில்லை. அதுவே சொல்லியாக வேண்டியதற்கு அடையாளம்! நீதிமன்றம் வைத்த அளவுகோல்: அந்த இடத்தில் இருக்கும் நியாயமான ஒருவர் இதைப் பொருட்படுத்துவாரா, அல்லது இந்தக் குறிப்பிட்ட நோயாளி பொருட்படுத்துவார் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா. நாற்பது சிக்கல்களைப் படபடவென்று ஒப்பிப்பது இந்த அளவுகோலிலும் தேறாது. புரியாமல் சொன்னது சொல்லாததற்குச் சமம் என்பதும் அந்தத் தீர்ப்பின் போக்குதான்.

11 பிப்ரவரி. கையெழுத்து

சம்மதப் படிவம் சம்மதத்துக்கான சாட்சி மட்டும். பேச்சு நடக்காமல் கையெழுத்து இருந்தால் சாட்சி சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

எங்கே கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் நேரத்தில்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில், மயக்கத்துக்கு முந்தைய ஊசி போட்ட பிறகு பேனாவைக் கொடுப்பது. மிடாசோலம் (பதற்றம் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மருந்து) போட்டபின் நடப்பது பலருக்கு நினைவிலேயே நிற்காது, அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவசரமில்லாத அறுவை என்றால் முதல் சந்திப்பில் பேசி, எழுதியதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அறுவை நாளன்று ஊசிக்கு முன்பு "மனசு மாறியிருக்கா, புதுசா கேள்வி இருக்கா" என்று மட்டும் உறுதிப்படுத்த வேண்டும். பேசுபவர் அந்த அறுவையைச் செய்பவராகவோ, அதைச் செய்யத் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பயிற்சி மருத்துவரைப் படிவத்தோடு அனுப்பினால் முதல் எதிர்க்கேள்வியிலேயே அவர் நிற்பார்.

படிவத்தில் விடுபடுவது பெரும்பாலும் இவைதான்: ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும், எந்தப் பக்கம், இடதா வலதா, உள்ளே திறந்து பார்த்து வேறு ஏதாவது தென்பட்டால் அதையும் சேர்த்துச் செய்யலாமா, எழுப்பிக் கேட்க வேண்டுமா. கடைசியது அற்பமாகத் தெரியும். இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்த்த சமீரா கோலி வழக்கு முழுக்க அதில்தான் நின்றது. நோயறிய லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியே வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) மயக்கம் கொடுக்கப்பட்டவர். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லை, அவர் சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவர், கொஞ்ச நேரத்தில் விழிக்கப்போகிறவர். தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். தலையாட்டல்தான் கிடைக்கும். "நான் சரியா விளக்கினேனான்னு தெரிஞ்சுக்கணும். வீட்டுல போய் இதை எப்படிச் சொல்வீங்க, எனக்கே சொல்லிக் காட்டுங்க." எது விட்டுப்போயிற்றோ அதை மட்டும் மறுபடி சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். மொழி புரியாதவரென்றால் மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். கெட்ட செய்தியை அது விழுங்கிவிடும், அல்லது தாயின் அந்தரங்கத்தைக் கேட்டுக் கூசிப்போகும்.

12 பிப்ரவரி

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாங்க." இதைக் கேட்காத வார்டு உலகத்தில் எங்கும் இல்லை. மருத்துவர்களே ஒரு காலத்தில் இப்படித்தான். 1961-ல் வந்த அமெரிக்க ஆய்வில் 90 சதவீத மருத்துவர்கள் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். ஒரு தலைமுறைக்குள் மனித மனம் திடமாகிவிடவில்லை, மருத்துவர்களின் எண்ணம்தான் மாறியது.

குடும்பத்தாரிடம் சட்டம் பேசினால் கதவு மூடிக்கொள்ளும். முதலில் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் "சாப்பிடுவதை விட்டுவிடுவார்", "சிகிச்சை வேண்டாம் என்பார்" என்று குறிப்பான பயம் இருக்கும், அதற்கு வழி யோசிக்கலாம். பிறகு நோயாளியிடமே: "ரிசல்ட் வந்திருக்கு. சிலர் எல்லா விவரமும் கேட்பாங்க, சிலர் பிள்ளைகள்ட்ட சொல்லுங்கன்னு சொல்வாங்க. உங்களுக்கு எப்படி?" பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்றால் அது அவர் எடுத்த முடிவு, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "எனக்கு என்ன டாக்டர்?" என்று நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. இந்தக் கேள்வியைப் பரிசோதனைக்கு அனுப்பும்போதே கேட்டு வைத்தால் பாதிச் சண்டை வராது.

14 பிப்ரவரி

முடிவெடுக்கும் திறன் பற்றிக் கேட்ட செவிலியருக்கு. மருத்துவர் சொன்னதை மறுத்தால் "மனநிலை சரியில்லை", ஒப்புக்கொண்டால் "தெளிவாக இருக்கிறார்" என்பது வார்டில் பரவலான பரிசோதனை. அதைக் குப்பையில் போடுங்கள்.

பார்க்க வேண்டியவை நான்கு: சொன்னது புரிகிறதா, அது தனக்கு நடப்பது என்று உணர்கிறாரா, ஒன்றோடொன்று எடைபோட முடிகிறதா, ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்க முடிகிறதா. இரண்டாவதில்தான் பலர் விழுவார்கள். "காலில் அழுகல் வந்தால் ஆபத்து" என்று அழகாக ஒப்பிப்பார், தன் காலில் அழுகல் இல்லை என்பார். இந்தத் திறன் அந்தந்த முடிவுக்கு, அந்தந்த நேரத்துக்கு உரியது. ரத்தம் எடுக்கச் சம்மதிக்கத் தெரிந்தவருக்குப் பெரிய அறுவையை எடைபோட முடியாமல் போகலாம். மாலையில் உளறுபவர் காலையில் தெளிவாக இருக்கலாம். மதிப்பிடும் முன் காது கருவி, கண்ணாடி, வலி, ரத்தத்தில் சோடியம் அளவு, சிறுநீர்த் தொற்று, நேற்றிரவு போட்ட தூக்க மருந்து எல்லாவற்றையும் பாருங்கள்.

மனநோய் என்ற பட்டை மட்டும் போதாது. இங்கிலாந்தில் 1993-ல் தீர்ப்பான வழக்கு: ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ள 68 வயதுக்காரர், காலில் அழுகல், முழங்காலுக்குக் கீழே எடுக்க மறுத்தார். எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதம் என்றார் அறுவை மருத்துவர். தான் ஒரு பெரிய டாக்டர் என்ற மாயநம்பிக்கை அவருக்கு இருந்தது. ஆனாலும் இந்த முடிவைப் பொறுத்தவரை அவருக்குத் திறன் உண்டு என்றது நீதிமன்றம். கால் எடுக்காமலேயே அவர் பிழைத்தார். பிழைத்திருக்காவிட்டாலும் தீர்ப்பு சரியே.

16 பிப்ரவரி. ஐசியு

நோயாளியால் பேச முடியாதபோது வீட்டாரிடம் கேட்கிறோம். அவர்கள் எவ்வளவு சரியாகச் சொல்வார்கள்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் பார்த்தபோது 68 சதவீதம். மூன்றில் ஒன்று பிசகு. பிசகைக் குறைக்க வழி, "நீங்க என்ன சொல்றீங்க, வென்டிலேட்டர் போடலாமா?" என்று கேட்காமல் இருப்பது. அப்படிக் கேட்டால் அப்பாவைக் கொல்லும் பொறுப்பு மகன் கையில் விழுகிறது. "அப்பா இப்ப இங்க உட்கார்ந்து தன் நிலைமையைக் கேட்டுக்கிட்டிருந்தா என்ன சொல்லுவார்? இப்படி நிலைமையில இருந்த வேற யாரைப் பத்தியாவது ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேளுங்கள்.

எல்லாம் செய், எதுவும் செய்யாதே என்ற இரண்டுக்கும் நடுவில் நாள் குறித்த சோதனைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. வென்டிலேட்டரைத் தொடங்குவோம், நான்கு நாள் பார்ப்போம். தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டியது: எது நடந்தால் முன்னேற்றம் (ஆக்சிஜன் தேவை குறைவது, ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்தை நிறுத்த முடிவது, கண் திறந்து சொன்னதைச் செய்வது), எது நடந்தால் பின்னடைவு (சிறுநீரகம் நிற்பது), நான்காம் நாள் எத்தனை மணிக்கு யார் யார் உட்கார்ந்து பேசுவது. இது கெட்டுப்போவது கடைசி வரியில். நாள் வரும், பணி மாறியிருக்கும், புது மருத்துவருக்குத் தெரியாது, வென்டிலேட்டர் பதினைந்தாம் நாளும் ஓடும்.

17 பிப்ரவரி

4-ம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். உண்மைகள் மருத்துவருக்கு, எடை நோயாளிக்கு என்று கத்தியால் வெட்டியதுபோல எழுதியிருக்கிறேன். வெட்டு அவ்வளவு சுத்தமாக விழாது. எந்த உண்மையைச் சொல்வது என்பதிலேயே எடை கலந்திருக்கிறது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு எண்ணைச் சொல்லும் மருத்துவர், "அந்தக் காலத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பார், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில்" என்பதைச் சொல்லாவிட்டால், நோயாளி சார்பில் பாதி முடிவை எடுத்துவிட்டார். ஆகவே வரிசை மாற வேண்டும். முதலில் எது முக்கியம் என்று கேட்பது, பிறகு அதற்குப் பொருந்தும் எண்களைத் தேடுவது. 5-ம் தேதி எழுதிய கேள்விகள் எண்களுக்கு முன்னால் வர வேண்டியவை.

19 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்கிறார். 2018-ல் வந்த ஆய்வில், பேசத் தொடங்கிய நோயாளியை மருத்துவர் இடைமறித்த இடங்களில் பாதியில் அது 11 நொடிக்குள்ளேயே நடந்தது. இடைமறிக்காமல் விட்டபோது நோயாளிகளில் பாதிப் பேர் 6 நொடிக்குள் சொல்லி முடித்தார்கள். நேரமில்லை என்ற புகார் முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை. தலைவலி மாத்திரைக்கு இவ்வளவும் தேவையில்லை, திரும்பப் பெற முடியாத முடிவுக்குத் தேவை. எண்களைப் படமாக அச்சிட்ட தாளைக் காத்திருப்பு அறையிலேயே கொடுக்கலாம், முதல் சுற்று விளக்கத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம். முக்கியம் எது என்ற கேள்வியை மட்டும் மருத்துவர் தானே கேட்க வேண்டும்.

கேஸ் ஷீட்டில் "அபாயங்கள் விளக்கப்பட்டன, சம்மதம் பெறப்பட்டது" என்ற வரியை எழுதுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதில்: "கதிர்வீச்சுக்கு 30 தடவை வர இயலாது என்கிறார், தனியாக வசிக்கிறார். நோய் திரும்ப வருமோ என்ற பயம் அதிகம். இரு வழியின் எண்களும் 100 பேர் கணக்கில் சொல்லப்பட்டன, சரியாகத் திருப்பிச் சொன்னார். முழு நீக்கம் பரிந்துரைத்தேன். இரண்டு நாள் யோசிக்கக் கேட்டார். வியாழன் மறுசந்திப்பு." எழுத ஒரு நிமிடம். அடுத்த பணியில் வருபவர் எங்கிருந்து தொடர வேண்டும் என்பது அதில் இருக்கிறது.